மண்டியிட்ட தாயும் தந்தையும்

சென்னைக் கோட்டைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி, ஒரு யுத்த ஞாபகச் சின்னம் இருக்கிறது. மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அதைக் கண்டிருப்பார்கள். நின்று பார்த்தவர்கள் சிலரே. முதல் மகாயுத்தத்தில் பிரிட்டிஷாரும் அவர்களுடைய நேச தேசத்தாரும் பெற்ற ஜயத்தை முன்னிட்டு எழுப்பியது அது. பின்னால் நடந்த யுத்தங்களில் மாண்டவர்களுக்கும் அதுவே சின்னமாயிற்று. அதன் பெயரிலேயே வெற்றி என்ற சொல் இருக்கிறது. இன்னும், தமிழ்நாட்டில் பல ஊர்களில் பழைய கட்டடச் சுவர்களில் பதித்த கல் ஒன்றைக் காணலாம். அந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கும். எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெருவில் இருந்தவன், அவனை வழியனுப்பியவர்கள் யார் என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியாது.

இவ்வாரம் நாம் சொல்ல விரும்புவது வேறு விதமான ஒரு சின்னத்தைப் பற்றி. அதில் வெற்றி இல்லை. குதிரை இல்லை, கொடி இல்லை, துப்பாக்கி இல்லை. வேடிக்கை என்னவென்றால், யாருக்காக அதைச் செய்தார்களோ அந்தப் பிள்ளையும் அதில் இல்லை.

பெல்ஜியம் தேசத்தில் வ்ளாட்ஸ்லோ என்ற சிற்றூருக்கு அருகில் ஜெர்மானியப் போர்வீரர்களுடைய இடுகாடு ஒன்று இருக்கிறது. அதன் கோடியில், தனித்தனியே இரண்டு பீடங்களின் மேல் இரண்டு கருங்கல் உருவங்கள் மண்டியிட்டிருக்கின்றன. ஒன்று ஆண், மற்றொன்று பெண். ஆண் முதுகை வளைக்காமல் நிமிர்ந்திருக்கிறார். இரு கைகளாலும் தம் மார்பைத் தாமே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார்; விட்டால் உடைந்து விழுந்து விடுவோம் என்று அஞ்சுகிறவர் போல. பெண் போர்வையால் உடம்பை மூடிக்கொண்டு முன்னால் குனிந்திருக்கிறாள். தலை தாழ்ந்து, முகம் மண்ணை நோக்கியிருக்கிறது. இருவருக்கும் நடுவே இடைவெளி. ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை.

நாம் அவற்றைப் புகைப்படத்தில் கண்டதுதான். அதிலேயே அந்த இடைவெளி நம்மை ஏதோ செய்தது. துக்கம் வந்தால் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று கதைகளில் எழுதுகிறோம். சில துக்கங்களில் அதுவும் முடிவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் சில மாதம் இருந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். தகப்பனார் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். தாயார் சமையலறை மூலையில் உட்கார்ந்திருப்பாள். நடுவே உள்ள நாலு கஜ தூரத்தை இருவராலும் கடக்க முடியாது.

இந்தச் சிலைகளைச் செய்தவர் கேதே கோல்விட்ஸ் என்ற அம்மையார். 1867-ஆம் வருஷம், அக்காலத்தில் ஜெர்மனியின் கீழ்க்கோடியில் இருந்த கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அந்த ஊர் இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின் ருஷ்யாவுக்குப் போய், கலினின்கிராத் என்று பெயரும் மாறிவிட்டது. 1891-ல் கார்ல் கோல்விட்ஸ் என்ற டாக்டரை மணந்து பெர்லினில் குடியேறினார். டாக்டர் கார்ல் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த பேட்டையில் வைத்தியம் பார்த்தவர். புருஷரைக் காண வந்து காத்திருந்த ஏழைப் பெண்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்து அம்மையார் சித்திரம் எழுதினார். ஸைலீஷியாவில் 1844-ல் நெசவாளர்கள் நடத்திய கிளர்ச்சியை வைத்து அவர் எழுதிய சித்திரத் தொகுதி 1898-ல் பெர்லினில் காட்சிக்கு வந்தது. அதற்குத் தங்கப் பதக்கம் அளிக்க வேண்டுமென்று முதுபெரும் ஓவியர் மென்ஸெல் முதலியோர் சிபாரிசு செய்தார்கள். சக்கரவர்த்தி வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். பட்டினி கிடக்கும் நெசவாளியின் படத்துக்கு அரசாங்கம் பரிசளிப்பதாவது! சக்கரவர்த்திகள் எல்லா நாட்டிலும் ஒரே ஜாதிதான்.

அம்மையாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஹான்ஸ், இளையவன் பீட்டர். பீட்டரைப் பற்றி ஒரு சிறு விஷயம் சொல்ல வேண்டும். 1903-ல் அம்மையார், இறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும் ஒரு தாயின் படத்தைச் செப்புத் தகட்டில் கீறினார். அதற்கு மாதிரி வேண்டுமே! நிலைக்கண்ணாடியின் முன் உட்கார்ந்து, ஏழு வயதுப் பீட்டரை ஒரு கையால் மடியில் தாங்கிக்கொண்டு, மறு கையால் எழுதினார். பிள்ளையின் கனத்தைத் தாங்கமாட்டாமல் தம்மையறியாமல் முனகினாராம். உடனே அந்தப் பொடியன், வருத்தப்படாதே அம்மா, படம் நன்றாக வரும் என்று தேறுதல் சொன்னானாம். இறந்த பிள்ளையாக வேஷம் போட்டு, அம்மாவுக்குத் தைரியமும் சொன்ன பிள்ளை. பதினோரு வருஷங்களுக்குப் பிறகு நடந்தது தெரிந்த நமக்கு அந்தப் படத்தை இன்று நிதானமாகப் பார்க்க முடிவதில்லை.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. பீட்டர் அப்பொழுது நண்பர்களோடு நார்வே தேசத்தில் யாத்திரை செய்துகொண்டிருந்தான். செய்தி கேட்டு அவசர அவசரமாக ஊர் திரும்பினான். தொண்டர் படையில் சேர வேண்டுமென்று துடித்தான். ஆனால் வயது பதினெட்டு. தகப்பனாருடைய சம்மதம் இல்லாமல் சேர முடியாது. டாக்டர் கார்ல் மறுத்தார். உன் வயதுக்காரர்களை இன்னும் தேசம் கூப்பிடவில்லையே, கூப்பிடும்போது போகலாம் என்று நியாயம் சொன்னார். பிள்ளை எதிர்வாதம் செய்தான். தன் பேச்சு எடுபடாது என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டு, தாயாரின் முகத்தைப் பார்த்தான்.

தாயார் எழுந்தார், பிள்ளைக்காகப் பரிந்து பேசினார். கணவரை வேண்டிக்கொண்டார். தகப்பனார் இணங்கினார்.

இது நடந்தது ஆகஸ்ட் 10-ஆம் தேதி மாலையில். அம்மையார் தம் தினக்குறிப்பில் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். எழுதாமல் இருந்திருந்தால் நமக்குத் தெரிய வந்திராது. கதை வேறு விதமாகப் போயிருக்கும்; பிள்ளையைப் பறிகொடுத்த பரிதாபத்துக்குரிய தாய் என்பதோடு உலகம் நிறுத்திக்கொண்டிருக்கும்.

வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மையார் யுத்த வெறி கொண்டவர் அல்லர். சக்கரவர்த்தியின் ஆர்ப்பாட்டங்களில் அவருக்கு மதிப்புக் கிடையாது. பசித்தவன் பக்கம் நின்று இருபது வருஷம் சித்திரம் எழுதியவர். அப்படிப்பட்டவருடைய வீட்டுக்குள்ளேயே தேசம், தியாகம் என்ற சொற்கள் நுழைந்து, கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்துவிட்டன. தியாகம் என்ற சொல்லின் மகிமை நம் நாட்டில் அறியாதார் யார்? அந்தச் சொல்லைக் கேட்டு வீட்டை விட்டுப் போனவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. ஆனால் பிள்ளை தன் உயிரைக் கொடுப்பது ஒன்று. பிள்ளையின் உயிரைப் பெற்றவர்கள் கொடுப்பது வேறு ஒன்று. அந்த மாலையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றின.

புறநானூற்றில் ஒரு தாயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். முன்பே தன் குடும்பத்து ஆண்களைப் போர்க்களத்தில் இழந்தவள். மறுபடியும் போர்ப்பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவித் தலையை வாரி, கையில் வேலைக் கொடுத்து அனுப்பி வைத்தாள். உபாத்தியாயர் பெருமிதத்தோடு சொல்லுவார், நமக்கும் மயிர்க்கூச்செறியும். அந்தப் பாட்டு அனுப்புவதோடு நின்றுவிடுகிறது. கேதே அம்மையாரின் சிலை அதற்கு மறுநாள் தொடங்குகிறது.

பீட்டர் அக்டோபர் மாதம் போர்முனைக்குப் புறப்பட்டான். பெல்ஜியத்தில் டிக்ஸ்முய்டே என்ற ஊருக்கருகே, 22-ஆம் தேதி இரவு, விடிந்தால் 23 என்னும் வேளையில், குண்டுபட்டு மாண்டான். போர்முனையில் அவன் இருந்தது சில நாட்களே. 30-ஆம் தேதி பெர்லினில் செய்தி கிடைத்தது. அன்றைய தினக்குறிப்பில், உங்கள் பிள்ளை விழுந்துவிட்டான் என்று வந்த அந்தச் செய்தி மட்டும் ஒரே வரியாக இருக்கிறது.

அதே அக்டோபரில், அதே பிராந்தியத்தில் இந்தியச் சிப்பாய்களும் வந்து இறங்கினார்கள். ஈப்ர் நகருக்குத் தெற்கே ஹாலெபெக் என்ற இடத்தில், 31-ஆம் தேதி, பலூச்சிப் படையைச் சேர்ந்த குதாதாத் கான், கூட இருந்தவர்கள் எல்லோரும் மாண்ட பின்னும் பீரங்கித் துப்பாக்கியை விடாமல் இயக்கியதற்காக விக்டோரியா சிலுவை பெற்றார். பீட்டர் விழுந்த இடத்துக்கும் இதற்கும் இருபது மைலுக்குட்பட்ட தூரம்தான். இந்த ஆட்களுக்கு ஜெர்மானியரோடு என்ன விரோதம்? சொந்த நாட்டிலேயே சுதந்திரம் இல்லாதவர்கள், பெல்ஜியத்தின் சுதந்திரத்துக்காக, மழையிலும் சேற்றிலும் நின்று மாண்டார்கள். ஈப்ர் நகரில் 1927-ல் திறந்த மெனின் வாயிலில், உடல் கிடைக்காமற்போன 54,000-க்கு மேற்பட்டவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அவற்றுள் இந்தியப் பெயர்களும் உண்டு. அவர்களுடைய தாய்மார்கள் எந்தச் சிலையைச் செய்வார்கள், பாவம்! விஷயத்துக்குத் திரும்புவோம்.

பிள்ளை போய் ஆறு வாரம் ஆவதற்குள், டிசம்பரிலேயே, ஒரு ஞாபகச் சின்னம் செய்ய வேண்டுமென்ற எண்ணம் அம்மையாருக்கு உண்டாகிவிட்டது. முதலில் அவர் மனத்தில் தோன்றிய உருவம் இது: பீட்டர் நீட்டிப் படுத்திருக்கிறான், தலைமாட்டில் தகப்பனார், கால்மாட்டில் தாயார். பெர்லினுக்கு அருகே ஹாபெல் நதியைப் பார்த்த மேட்டில் அதை நிறுவ வேண்டும். தானாக முன்வந்து உயிர் கொடுத்த வாலிபர் அனைவருக்கும் அது சின்னமாக இருக்க வேண்டும். அதாவது, அப்பொழுதும் பிள்ளையின் மரணம் அவருக்கு ஒரு தியாகமாகவே இருந்தது. அப்படி இல்லாவிட்டால் அந்த மரணத்தைத் தாங்குவது எப்படி?

களிமண்ணைப் பிசைந்தார். கை ஓடவில்லை. சித்திரத்தில் கை தேர்ந்தவருக்குச் சிற்பம் ஓரளவு புதிது என்பது ஒரு காரணம். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று நமக்குத் தோன்றவில்லை. களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. செய்கிறவருக்கே நம்பிக்கை இல்லாத ஒன்றை அது ஏற்காது. வருஷம் ஆக ஆக, பெர்லின் வீதிகளில் கால் இழந்தவர்களும் கண் இழந்தவர்களும் பெருகினார்கள். பீட்டரோடு சேர்ந்து புறப்பட்ட நண்பர்களும் ஒவ்வொருவராக மாண்டார்கள். 1916 அக்டோபரில் அம்மையார் தினக்குறிப்பில் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார். யுத்தம் முழுவதும் ஒரு பைத்தியக்காரத்தனம் என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறதே, இது பீட்டருக்கு நான் செய்யும் துரோகமா என்பதே அந்தக் கேள்வி. எல்லா தேசத்து வாலிபர்களையும் பெரியவர்கள் ஏமாற்றி விட்டார்களோ என்றும் எழுதினார். அந்தப் பெரியவர்களில் தாமும் ஒருவர் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. யுத்தம் அக்கிரமமானது என்று ஒப்புக்கொண்டால், பிள்ளை வீணாகச் செத்தான் என்றாகும். பிள்ளை வீணாகச் சாகவில்லை என்று சொன்னால், யுத்தம் நியாயமானது என்றாகும். இந்த இரண்டு கத்திகளுக்கும் நடுவே கழுத்தை வைத்துக்கொண்டு, தேசந்தோறும் லட்சக்கணக்கான பெற்றோர்கள் வாழ்ந்தார்கள். ஜெர்மனியில் மட்டும் சுமார் இருபது லட்சம் போர்வீரர்கள் மாண்டார்கள். பெரும்பாலான பெற்றோர்கள் இரண்டாவதைப் பற்றிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. எழுந்த ஞாபகச் சின்னங்களில் பெரும்பாலானவை அவர்களுடைய அந்தத் தேவையைப் பூர்த்தி செய்யவே எழுந்தன.

1918 அக்டோபரில் ஜெர்மனி தோற்பது நிச்சயமாகிவிட்ட பிறகும், டேமெல் என்ற பிரபல கவிஞர், மிஞ்சியிருக்கும் ஆண்பிள்ளைகளெல்லாம் போர்முனைக்கு வர வேண்டுமென்று பத்திரிகையில் அறைகூவினார். அம்மையார் பத்திரிகையிலேயே பகிரங்கமாக மறுமொழி எழுதினார். செத்தது போதும், இனி ஒருவனும் சாகலாகாது என்பதே அதன் சாரம். மகாகவி கதேயின் வாக்கு ஒன்றையும் எடுத்துக் காட்டினார். அதன் கருத்தை நம் குடியானவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கமாட்டான் நம் விவசாயி. குதிருக்குள் தனியே கட்டித் தொங்கவிட்ட கோட்டையை, குழந்தை பசியால் அழுதாலும், அவிழ்க்க மாட்டான். வாலிபர்கள் தேசத்தின் விதைநெல். அதை மாவாக அரைக்காதீர்கள் என்றார் அம்மையார். நாலு வருஷத்துக்கு முன் தம் வீட்டு விதைநெல்லைத் தாமே அளந்து கொடுத்தவர் சொன்ன வார்த்தை இது.

1919-ல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்துப் பேராசிரியர் பட்டமும் அளித்தது. அக்காலத்தில் ஒரு பெண்மணிக்கு இது அதிசயமான கௌரவம். அதே வருஷத்தில் அவர் பீட்டரின் சின்னத்தை நிறுத்திவிட்டார். ஐந்து வருஷ வேலை வீணாயிற்று. ஆனால் மறுபடியும் வருவேன் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பதுபோல் தினக்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

நடுவே வேறு வேலை நடந்தது. 1920-ல் பார்லாக் என்ற சிற்பியின் மரச்செதுக்குச் சித்திரங்களைப் பார்த்தவர், அந்த முறையைத் தாமும் கையாண்டு, யுத்தம் என்ற தலைப்பில் ஏழு படங்கள் செதுக்கினார். மரச்செதுக்கில் நயமான நிழலுக்கு இடமில்லை. கறுப்பு, அல்லது வெளுப்பு. முதற்படத்தில் ஒரு தாய் தன் சிசுவை இரு கைகளிலும் ஏந்திக் காணிக்கை போல நீட்டுகிறாள். இரண்டாம் படத்தில் மரண தேவதை முரசு அடித்துக்கொண்டு போகிறது. வாலிபர்கள் ஆவேசம் கொண்டவர்கள்போல் பின்தொடர்கிறார்கள். மரணத்துக்கு மிக அருகே இருக்கும் வாலிபன் பீட்டர்தான். அந்த ஏழு படங்களில் ஒரு போர்க்களம் கிடையாது. ஒரு பகைவன் கிடையாது. விதவைகள், தாய்மார், தகப்பன்மார், ஜனங்கள், அவ்வளவே. யுத்தத்தைப் பற்றிப் படம் எழுதியவர்கள் பலர். யுத்தம் வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்று எழுதியவர்களில் இவருக்கு இணையாக ஒருவரை நாம் அறியோம்.

சிற்ப வேலை 1924-25-ல் மறுபடியும் தொடங்கியது. இப்பொழுது திட்டம் மாறிவிட்டது. படுத்திருந்த பிள்ளை மறைந்துவிட்டான். பெற்றோர் மட்டும் மிஞ்சினார்கள், அவர்களும் மண்டியிட்டார்கள்.

இந்த மாறுதலில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். பிள்ளையின் உருவம் இருந்தால், பார்க்கிறவர்கள் அவனைப் பார்ப்பார்கள். என்ன அழகான வாலிபன், என்ன வீரன் என்பார்கள். அவனை எடுத்துவிட்ட பின், பார்ப்பதற்குப் பெற்றோரைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர்கள் யார் முன் மண்டியிடுகிறார்கள்? கோயில் இல்லை, தெய்வ விக்கிரகம் இல்லை. எதிரே இருப்பவை வாலிபர்களுடைய கல்லறைகள். நம் நாட்டில் பிள்ளைகள் பெற்றோர் காலில் விழுவார்கள். இங்கே பெற்றோர், செத்துப்போன பிள்ளைகளின் காலில் விழுந்திருக்கிறார்கள்.

1926 ஜூன் மாதம் கணவனும் மனைவியும் பெல்ஜியத்துக்குச் சென்று பிள்ளையின் கல்லறையை முதன்முறையாகக் கண்டார்கள். அப்பொழுது அது எஸென் என்ற ஊருக்கருகே, ரோக்கவெல்டே என்ற இடத்தில் இருந்தது. சுற்றிலும் வயல்கள். முள்கம்பி வேலியை ஒருவர் வளைத்து வழி செய்து கொடுத்தாராம். உள்ளே வரிசை வரிசையாகச் சிறு சிலுவைகள். பீட்டரின் சிலுவையைத் தேடிக் கண்டுபிடித்து, பூத்திருந்த காட்டுரோஜாச் செடியிலிருந்து மூன்று சிறு பூக்களைப் பறித்து அதன் அருகே வைத்தார்கள். பிறகு அம்மையார் சிலைகள் எங்கே நிற்க வேண்டுமென்று அளவு பார்க்கத் தொடங்கினார். கல்லறையின் முன் நிற்கும் தாய் ஒருத்தி, இடத்தை அளக்கும் சிற்பி ஒருத்தி, இருவரும் ஒருவரே. இதில் முரண்பாடு இருப்பதாகச் சிலர் நினைக்கலாம். பிள்ளைக்குச் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருந்தால், தாயின் கை சும்மா இராது என்பதே நமக்குத் தோன்றுகிறது.

சிலைகளுக்கு முகம் வேண்டியிருந்தது. பொதுவான ஒரு முகத்தை வைத்து ஒப்பேற்ற அவர் உடன்படவில்லை. தாயின் சிலைக்குத் தம் முகத்தையே வைத்தார். தந்தையின் சிலைக்குக் கணவரின் முகம். சம்மதம் கொடுத்த இருவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது போல, ஏற்றிவிட்டார். 1931-ல் சாந்து மாதிரிகள் முடிந்து, பெர்லினில் கலைக் கழகத்துக் காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றைப் பார்த்துக் கல்தச்சர் இருவர் பெல்ஜியக் கருங்கல்லில் செதுக்கினார்கள். 1932 ஜூலையில் ரோக்கவெல்டேயில் நிறுவியாயிற்று. பீட்டர் வீட்டை விட்டுப் போனபோது அம்மையாருக்கு வயது 47, இப்பொழுது 65. பதினெட்டு வருஷம் வாழ்ந்த பிள்ளைக்குப் பதினெட்டு வருஷத்து வேலை.

சிலைகளை நிறுத்திய பின், அம்மையார் தாயின் சிலையின் முன்னால் போய் நின்றார். தம் முகத்தையே கல்லில் பார்த்தார், அழுதார், அந்தக் கல் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். டாக்டர் கார்ல் பின்னால் வந்து நின்றிருந்தது அவருக்குத் தெரியவில்லை. ஆமாம், ஆமாம் என்று அவர் மெல்லச் சொன்னது மட்டும் காதில் விழுந்ததாம். 1914-ல் மறுத்துப் பேசி, மனைவிக்காக இணங்கிய மனிதர். பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு தடவையாவது, நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொன்னதுண்டா என்று நாம் தேடிப் பார்த்தோம். எங்கும் காணோம்.

மேற்கொண்டு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறு மாதத்தில், 1933 ஜனவரியில், ஹிட்லர் பதவிக்கு வந்தார். நாஜிகளை எதிர்க்க இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டுமென்ற அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக, அம்மையாரைக் கலைக் கழகத்திலிருந்து விலகச் செய்தார்கள். பிறகு அவருடைய படங்களைக் காட்சிகளிலிருந்து எடுத்தார்கள். ரகசியப் போலீஸார் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். 1940-ல் கணவர் காலமானார். 1942-ல், விதைநெல்லைப் பற்றிய அதே வாக்கைப் பெயராக வைத்து, தன் பெரிய கைகளுக்குள் மூன்று சிறுவர்களை அடைத்துக் காக்கும் ஒரு கிழவியின் படத்தைக் கல்லச்சில் எழுதினார். அந்த வருஷமே செப்டம்பரில், ஹான்ஸின் மகன், சித்தப்பன் பெயரைத் தாங்கிய பேரன் பீட்டர், ருஷ்யப் போர்முனையில் மாண்டான். 1943 நவம்பரில் விமானக் குண்டு விழுந்து, ஐம்பது வருஷம் வாழ்ந்த பெர்லின் வீடு அழிந்தது. 1945 ஏப்ரல் 22-ஆம் தேதி மோரிட்ஸ்பர்க் என்ற ஊரில் அம்மையார் கண்ணை மூடினார். ஐரோப்பாவில் யுத்தம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது.

அவருடைய சிலைகளுக்கு அதன் பின் ஏற்பட்ட பெருமைகள் பல. ஜெர்மனியில் கொலோன் நகரில், குண்டு விழுந்து இடிந்து, பழுது பார்க்காமல் அப்படியே விட்டிருக்கும் ஒரு தேவாலயத்தினுள் அந்தப் பெற்றோரின் பிரதி 1959 முதல் இருக்கிறது. பேரன் மாண்ட பிரதேசமாகிய ருஷ்யாவின் ர்ஷேவிலும் 2014-ல் ஒரு பிரதியை வைத்தார்கள். பெர்லின் நகரின் நடுவே உள்ள பழைய காவல் மண்டபத்தில், இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் தாயின் சிலை ஒன்றை 1993-ல் நிறுவினார்கள். அதுவும் அம்மையார் 1937-38-ல் செய்ததுதான். ஆனால் அவர் செய்தது ஒன்றேகால் அடி உயரம். அதை நாலு மடங்கு பெரிதாக்கிவிட்டார்கள். கொன்றவர்களுக்கும் கொல்லப்பட்டவர்களுக்கும் ஒரே சின்னமா என்று அப்பொழுது பெரிய வாதம் நடந்தது. வாதத்தில் நியாயம் இருந்தது. நம்மைக் கேட்டால் அளவையும் சேர்த்தே குறை சொல்லுவோம். கையடக்கமாகச் செய்த துக்கம், சர்க்காரின் மண்டபத்துக்குப் போனதும் பருத்துவிடுகிறது. மேலே கூரையில் ஒரு வட்டமான திறப்பை விட்டு, மழையும் பனியும் அவள்மேல் விழும்படி செய்தார்களே, அது ஒன்றே ஆறுதல்.

மூலச் சிலைகளும் முதலில் வைத்த இடத்தில் இல்லை. பெல்ஜியத்தில் சிதறிக் கிடந்த ஜெர்மானிய இடுகாடுகளை 1950-களில் ஒன்று சேர்த்தபோது, பீட்டரின் எலும்புகளை வ்ளாட்ஸ்லோவுக்குக் கொண்டுவந்தார்கள். சிலைகளும் கூடவே வந்தன. அங்கே 25,644 பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு சிலுவை வைக்க இடம் இல்லை. புல் தரையோடு தரையாகச் சதுரக் கற்களைப் பதித்து, கல்லுக்கு இருபது பெயராக வெட்டியிருக்கிறார்கள். தந்தையின் சிலைக்கு எதிரே, அவர் பார்வை விழும் இடத்தில் ஒரு கல் இருக்கிறது. அதிலும் இருபது பெயர்கள். அவற்றுள் ஒன்று பீட்டர் கோல்விட்ஸ்.